அப்பா தெரிந்தெடுத்த துவக்கு

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா ஒரு துவக்கைத் தெரிந்தெடுத்தார். அவருக்கில்லை. அவர் வேலை செய்த வீட்டுக் கிழவருக்கு. நல்ல துவக்கு, குறி தப்பாமல் சுட்டது. அதில் இன்றுவரை ஒருவரும் குறை சொல்லவில்லை.

கிழவரை நாங்கள் சிஞ்ஞோர் என்போம். பலெர்மோவில் ஐயா என்பதற்கு அதுதான் சொல். அப்பா அவர் வீட்டில் நிலம் துடைத்தார், உடுப்பு மினுக்கினார், பல்லரோச் சந்தையில் மீனும் மரக்கறியும் வாங்கிச் சமைத்தார், நேரத்துக்கு மருந்து கொடுத்தார். அந்த வேலைகளுக்குக் காணுமான இத்தாலியன் அப்பாவிடம் இருந்தது. அதற்கு மேல் ஏதும் வந்தால் நான் போவேன். டொக்டரிடம் போனேன், தபால் கந்தோருக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்னைப் பற்றிக் குறை சொன்னபோதும் நான்தான் மொழிபெயர்த்தேன். அந்தக் குறைகளைக் கொஞ்சம் சின்னதாக்கிச் சொன்னேன்.

இத்தாலியனில் ஓம் என்பதற்கு 'சீ' என்பார்கள். அப்பாவுக்கு விளங்காத எதற்கும் பதில் 'சீ, சிஞ்ஞோரே' தான். விளங்கினாலும் அதுதான். அம்மா சொல்வா:

"இந்த மனுசன் நாளுக்கு நூறு தரம் சீ, சீ எண்டு தன்னைத் தானே பேசிக்கொண்டு திரியுது."

எனக்கு ஓர் அக்கா இருக்கிறா. அப்பாவும் அம்மாவும் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவவுக்கு ஏழு வயது. வவுனியாவில் சித்தியோடு விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு வருடத்தில் கூப்பிடுவோம் என்று சொல்லித்தான் விட்டார்கள். அடுத்த வருடம் நான் பிறந்தேன். அக்காவை நான் கணினித் திரையில் மட்டும் கண்டிருக்கிறேன். அங்கே அடிக்கடி மின்சாரம் போகும். அக்காவும் போய்விடுவா.

அவவைக் கூப்பிடுகிறதென்றால் பதினெட்டு வயது வர முதல் விண்ணப்பம் போட வேண்டும். பதினெட்டு வந்தால் பெரிய ஆள். தாய் தகப்பன் இங்கே இருப்பது பிறகு கணக்கில் வராது. விண்ணப்பத்துக்கு அப்பாவின் முழுநேர வேலை ஒப்பந்தம் வேண்டும். அப்பா முழுநேரமும்தான் வேலை செய்தார். கடதாசியில் பாதிநேரம் என்று இருந்தது. இங்கே கனபேருக்கு அப்படித்தான். அக்காவுக்குப் பதினெட்டு வருவது ஆனி மாதம். நான் சொல்வது மாசி மாதத்துக் கதை.

சந்தைக்குப் பக்கத்தில், அல்பெர்கேரியாப் பகுதியில், நாலாம் மாடியில் ஒற்றை அறை எங்களுடையது. அம்மா ஒரு மடக்குக் கட்டில் வாங்கிச் சுவரோடு சாத்தி வைத்திருந்தா. எனக்கு அலுமாரியில் இழுத்துத் திறக்கிற லாச்சி இரண்டு. ஒன்றை அக்காவுக்கென்று காலியாக்கினேன். மனமில்லாமல்தான் காலியாக்கினேன்.

சிஞ்ஞோருடைய தம்பி இளமையிலேயே அமெரிக்கா போனவர். அங்கே வசந்தகாலத்தில் காட்டு வான்கோழி சுடுவார்களாம். தம்பியும் கூட்டாளிகளும் பழைய காலத்துத் துவக்கால்தான் சுடுவார்களாம். குழலின் வாய்ப்பக்கத்தால் வெடிமருந்து கொட்டி, ஈயக்குண்டு போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுகிற துவக்கு. சித்திரையில் வா, துவக்கோடு வா என்று தம்பி எழுதியிருந்தார். சிஞ்ஞோருக்கு எழுபது தாண்டிவிட்டது. முயல் சுட்டே வயதானவர். இந்த மாதிரித் துவக்கு அவர் கைக்குப் புதிது.

ஒருநாள் அவர் மேசையில் துவக்குப் படங்கள் உள்ள புத்தகம் கிடந்ததாம். அப்பா தூசி தட்டப் போனவர் ஒரு படத்தில் விரலை வைத்துவிட்டார்.

"இது எங்கடை இடியன்," என்றாராம், தமிழில்.

அப்பா பிறந்தது வன்னியில், காட்டோரம். இடித்து நிரப்புவதால் அங்கே அதற்கு இடியன் துவக்கு என்று பெயர். சிஞ்ஞோருக்குத் தமிழ் விளங்கவில்லை. விரல் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் புத்தகத்தின் முன்னால் நின்று கையாலும் வாயாலும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்களாம். அன்றைக்கு நிலம் துடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வீட்டுக்கு வா, மூன்று துவக்கு இருக்கிறது, எது சரி என்று சொல், என் மகளும் வருவாள், ஒப்பந்தக் கடதாசியையும் அங்கேயே கையெழுத்து வைப்போம் என்று சிஞ்ஞோர் சொன்னார். இதைச் சொல்லும்போது அப்பா கதிரையில் இருக்கவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே சொன்னார். நடக்கிற அளவு இடம் அந்த அறையில் இல்லை.

ஞாயிறு காலை அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டையை மினுக்கினா. தட்டை வடை சுட்டுச் சுற்றித் தந்தா. எனக்குத் தலை இழுத்துக் கட்டும்போது சொன்னா:

"வடிவா மொழிபெயர்க்கோணும். ஒரு சொல்லும் விடப்பிடாது. விளங்கிச்சே?"

"ஓமம்மா."

ஒரு சொல்லும் விடவில்லை.

தோட்டம் மலைப்பக்கம். ஒலிவ மரங்கள், மதிலோரம் சப்பாத்திக் கள்ளி. எலுமிச்சை மரத்தின் கீழ் மேசை போட்டு, கம்பளி விரித்து, மூன்று துவக்கையும் அடுக்கி வைத்திருந்தார் சிஞ்ஞோர். அவருடைய மகள் உள்ளே குசினியில் சமைத்துக்கொண்டிருந்தா. நாற்பது வயதிருக்கும். வீட்டுக் கடதாசி அலுவல் எல்லாம் அவதான். கதிரையில் அவவுடைய கைப்பை. அதற்குள் நீலக் கோப்பு ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா எனக்குக் கண்ணால் காட்டினார்.

துவக்கைத் தூக்கிப் பார்க்க முதல் அப்பா ஒரு வேலை செய்தார். குழலுக்குள் கம்பியை அடிமட்டும் விட்டார். விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்து, குழலின் மேல் வைத்து அளந்தார். மூன்றுக்கும் அப்படி. உள்ளே பழைய மருந்து இருந்தால் கம்பி கட்டையாக நிற்குமாம். சிஞ்ஞோர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"எப்பிடிச் சுடுறது எண்டு கேள் பிள்ளை. உலாவிச் சுடுறதோ, இருந்து சுடுறதோ?"

கேட்டேன். சிஞ்ஞோர் நிலத்தில் இருந்தே காட்டினார். மரத்தில் சாய்ந்து அசையாமல் இருக்க வேண்டும். சின்ன மரப்பெட்டியை உரசிப் பேடு மாதிரிச் சத்தம் போட வேண்டும். சேவல் தேடி வரும். சேவலைத்தான் சுடலாம், பேட்டைச் சுடக்கூடாது. உடம்பில் சுட்டால் இறகில் பட்டு வீணாகும், தலையில் சுட வேண்டும். முப்பது அடி எடுத்து வைக்கிற தூரம்.

எனக்கு வான்கோழி தெரியாது. பல்லரோவில் தக்கீனோ என்று ரோசாப்பூ நிறத்தில் மெல்லிசாக வெட்டி வைத்திருப்பார்கள். அதற்குத் தலை இருக்கும் என்று நினைத்ததில்லை.

முதல் துவக்கு சிஞ்ஞோருடைய பாட்டன் காலத்தது. வெள்ளிப் பூவேலை. கல்லில் பொறி தட்டி மருந்து பற்றுகிற வகை. மூன்றிலும் வடிவு அதுதான். அப்பா விசையை இழுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"சுவரிலை கொழுவலாம். இது பொறி தட்டி, பத்தி, வெடிக்கிறதுக்கிடையிலை கோழி வீட்டை போய்ச் சாப்பிட்டுப் படுத்திடும்."

நான் சொன்னேன். சிஞ்ஞோர் தொடையில் அடித்துச் சிரித்தார். நான் சொல்லி ஒரு பெரிய மனிதர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தரம்.

இரண்டாவது இரட்டைக் குழல். பாரமில்லை, கைக்கு அடக்கம். சிஞ்ஞோருடைய விருப்பம் அதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. மூன்றாவது புதிதாகச் செய்தது. ஒற்றைக் குழல், கறுப்பு, சரியான பாரம், ஒரு வடிவும் இல்லை. வாங்கிவிட்டுக் கவலைப்படுகிறேன் என்று சிஞ்ஞோரே சொன்னார். அப்பா அதன் வாய்க்குள் சின்னவிரலை விட்டுச் சுழற்றினார். வாய் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது.

"தலைக்குத்தானே சுடுறது? அப்ப குண்டு பரவக் கூடாது. வாய் ஒடுங்கினதுதான் சரி."

"இரட்டைக் குழல் என்றால் இரண்டு தரம் சுடலாமே?" என்றார் சிஞ்ஞோர்.

"முதல் தரம் பிழைச்சால் கோழி ரெண்டாவதுக்கு நிக்காது. பாரத்துக்குப் பயப்பிட வேண்டாம் எண்டு சொல்லு. பாரம் எண்டால் தோளிலை உதையாது."

நான் பாஸ்தாப் பெட்டி மட்டையில் சிவப்பு நிறத்தால் ஒரு தலை கீறினேன். அப்பா பார்த்துவிட்டு, "இது கோழியோ, உங்கடை ரீச்சரோ?" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மட்டையை முப்பது அடி தள்ளி ஒலிவ மரத்தில் கட்டினோம்.

அப்பா நிரப்பினார். மருந்து, அடைப்பு, ஈயக்குண்டு, மேலே இன்னோர் அடைப்பு, பிறகு இடி. கை வேகமாகப் போனது. வீட்டில் அப்பாவுடைய கை அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. நிரப்பியதைச் சிஞ்ஞோர் அப்பாவிடமே நீட்டினார். அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு உரிமக் கடதாசி இல்லை. சுட மாட்டன் எண்டு சொல்லு. நிரப்பித் தாறன்."

சிஞ்ஞோர் சுட்டார். இரட்டைக் குழலில் மட்டை முழுக்க ஓட்டை, தலையில் இரண்டே இரண்டு. கறுப்புத் துவக்கில் தலையில் எட்டோ ஒன்பதோ. சிஞ்ஞோருக்குத் திருப்தி. அப்பாவுக்கில்லை. கடையில் வாங்கிய அடைப்பை நசுக்கிப் பார்த்து முகத்தைச் சுழித்தார். சுற்றிப் பார்த்தார். வீட்டு வாசலில் தும்பால் செய்த கால்மிதி கிடந்தது. போய்க் குந்தியிருந்து அதில் தும்பு இழுக்கத் தொடங்கினார்.

வன்னியில் தேங்காய்த் தும்பைத்தான் அடைப்பார்களாம். சிஞ்ஞோர் அந்தத் தும்பு உருண்டையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்பா வைத்து இடித்தார். சிஞ்ஞோர் சுட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ரீச்சருக்குத் தலை இல்லை.

சிஞ்ஞோர் அப்பாவை இழுத்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். அப்பாவின் முகம் அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. அப்போதுதான் மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தா. பாதி பிய்ந்த கால்மிதியைப் பார்த்தா. மருந்து படிந்து கறுத்த அப்பாவின் விரல்களையும், அடுத்த தரத்துக்குத் துவக்கு நிரப்புகிற வேகத்தையும் பார்த்தா. சாப்பிட வாருங்கள் என்று மட்டும் சொன்னா.

மேசையில் அவவும் அப்பாவும் நானும். சிஞ்ஞோருக்கு ஒரு காது கேளாது. அவர் மேசைத் தலைப்பில் இருந்து கறுப்புத் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் அம்மாவின் தட்டை வடையைக் கடித்தா. நல்லாயிருக்கிறது என்றா. பிறகு கேட்டா:

"உன் அப்பா இதெல்லாம் எங்கே பழகினார்?"

அப்பா பாணைப் பிய்த்துக்கொண்டு சொன்னார்:

"சின்னனிலை ஊர்ப் பெடியளோடை காட்டுக்குப் போய் வெடி வைக்கிறனாங்கள். அதிலை பழகினது."

நான் சொன்னேன். சின்ன வயதில், பெடியங்களோடு, காட்டில், பொம்பே வைத்தார்கள்.

வெடி என்றால் எனக்குத் தெரிந்தது கொளுத்துகிற வெடிதான். வருடப்பிறப்புக்கு எங்கள் ஒழுங்கையில் பெடியங்கள் பெரிய வெடி கொளுத்துவார்கள். அதை அவர்கள் பொம்பா என்பார்கள், பலதென்றால் பொம்பே. வெடி வைக்கிறது என்றால் துவக்கால் சுடுகிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் துவக்கைப் பற்றிக் கதைக்கிற வழக்கமில்லை. அப்பா எந்தப் பக்கத்துச் சண்டைக்கும் போனவரில்லை. இரண்டு பக்கத்துக்கும் பயந்து ஓடி வந்தவர்.

மகள் அப்பாவை நேரே பார்த்து, "பொம்பே?" என்றா.

அப்பா சிரித்தார். "சீ, சிஞ்ஞோரா. சீ."

அவ கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் வைத்தா. "கொன்றிருக்கிறாரா என்று கேள்."

"அப்பா, கொன்றனீங்களோ எண்டு கேக்கிறா."

"ஓம், கனக்க," என்றார் அப்பா. அவர் அப்போது அந்த மேசையில் இருக்கவில்லை. காட்டில் இருந்தார்.

கனக்க என்பதைத் தமிழில் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம். இத்தாலியனில் அது ஆணா பெண்ணா என்று சொல்லியாக வேண்டும். பெண் என்றால் தாந்தே, ஆண் என்றால் தாந்தி, ஆட்கள் என்றாலும் தாந்தி. கோழி என்றால் தாந்தே. நான் யோசித்தேன். காலை முழுக்கச் சேவல், சேவல் என்றுதானே கதை. சேவல் ஆண். மொழிபெயர்ப்பாளர் பிழை விடக் கூடாது.

"தாந்தி," என்றேன்.

சிஞ்ஞோர் துவக்கைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் அப்பாவைப் பார்த்தபடி இருந்தா. அப்பாவின் கெட்டித்தனத்தை மெச்சுகிறா என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

கோப்பிக்குப் பிறகு அப்பா கதிரையிலிருந்த கைப்பையைப் பார்த்தார். அவ அதை எடுத்து மடியில் வைத்து, நீலக் கோப்பை உள்ளே தள்ளிப் பூட்டினா. ஒரு பிரதி குறைகிறது, அடுத்த கிழமை பார்ப்போம் என்றா. நான் மொழிபெயர்த்தேன்.

"சீ, சிஞ்ஞோரா," என்றார் அப்பா.

வீட்டுக்குப் போகும்போது படியேறிக்கொண்டு என் தலையில் கை வைத்து, "நல்லாச் சொன்னாய் பிள்ளை," என்றார்.

அடுத்த கிழமை கடதாசி வரவில்லை. அதற்கடுத்த கிழமை மகள் தொலைபேசியில் சொன்னா: தன் அப்பா பயணம் போகிறார், வீடு பூட்டியிருக்கும், இனி வர வேண்டாம். நான்தான் கேட்டுச் சொன்னேன். பயணம் முடிய வரச் சொல்லுவினம் என்றார் அப்பா. அம்மா சுவரோடு சாத்தியிருந்த கட்டிலைத் துணியால் மூடினா.

அப்பா இரண்டு தரம் போய் அழைப்பு மணி அடித்தார். மாலை நேரத்தில் மேலே வெளிச்சம் இருந்தது என்று அம்மாவுக்குச் சொல்வது கேட்டது. வேறு வீடுகளிலும் கேட்டார். வேலை இருந்தது, கடதாசி இல்லாத வேலை. முழுநேர ஒப்பந்தம் என்றவுடன் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள்.

எங்கள் மேல்மாடியில் ஒரு மொரீசியஸ்காரப் பெண் இருந்தா. தமிழ்ப் பரம்பரைதான். நெற்றியில் திருநீறு இருக்கும், தமிழ் வராது. சிஞ்ஞோருடைய மகள் வீட்டில் அவதான் வேலை. பங்குனியில் ஒருநாள் பின்னேரம், சந்தைப் பைகளோடு படியேறி வந்தவ எங்கள் வாசலில் நின்றுவிட்டா. அப்பா வாசலில் சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா கதவடியில். அந்தப் பெண் குரலைக் குறைத்து இத்தாலியனில் என்னிடம் சொன்னா. நான் சொல்லச் சொல்ல அம்மாவும் அப்பாவும் கேட்டார்கள்.

"அப்பா ஊரிலை வெடி வைச்சவர் எண்டு அந்த வீட்டிலை கதைக்கினமாம்."

"என்ன வெடி?" என்றா அம்மா.

"பொம்பே," என்றா அந்தப் பெண். அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்துப் பைகளைக் கீழே வைத்தா. இரண்டு கையையும் சேர்த்துப் பிறகு அகல விரித்துக் காட்டினா. வாயால் சத்தமும் போட்டா.

"குண்டோ?" என்றா அம்மா.

"ஓம், அதுதான். கனபேரைக் கொன்றவராம். மேசையிலை வைச்சுத் தன்ரை வாயாலை சொன்னவராம். பேந்து எப்பிடி வீட்டுக்குள்ளை விடுறது எண்டு கேக்கினமாம்."

அப்பா என்னைப் பார்த்தார். கையில் சப்பாத்து ஒன்று இருந்தது. அந்த மேசையில் நான் சொன்ன சொல் ஒவ்வொன்றாக அவருக்குள் திரும்பிப் போவது போல, கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். அம்மா கேட்டா:

"சொன்னனீங்களே?"

"ஓம்," என்றார். "நான்தான் சொன்னனான்."

"விசரா உங்களுக்கு? என்னத்துக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சும்மா, பகிடிக்கு. சிரிக்கட்டும் எண்டு."

அம்மா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டா. பிறகு கத்தத் தொடங்கினா. பெற்ற பிள்ளையைப் பகிடிக்கு விற்ற மனுசன் என்றா. அந்தப் பெண் பைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டா. தானே சொன்னதாக அப்பா ஒத்துக்கொண்டதால் எனக்கும் கோபம் வந்தது. லாச்சி காலியாக்கியதெல்லாம் வீண்.

"அப்பா, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று நானும் கேட்டேன். அம்மாவின் குரலில் கேட்டேன்.

"பிழைச்சுப் போச்சு பிள்ளை," என்றார்.

வைகாசியில் மேல்மாடிப் பெண் ஒரு கடித உறை கொண்டுவந்தா. சிஞ்ஞோர் திரும்பி வந்திருந்தார். உறைக்குள் ஒரு படம். மரத்தடியில் சிஞ்ஞோர், மடியில் கறுப்புத் துவக்கு, காலடியில் பெரிய பறவை. அதற்குத் தலை இருந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை. ஓர் இறகும் இருந்தது, மண்ணிறத்தில் வெள்ளைக் கோடு. படத்தின் பின்னால் எழுதியிருந்ததை நான் வாசித்தேன். ஒரே சூட்டில், கால்மிதிக்கு நன்றி.

அப்பா மிலானுக்குப் போய்விட்டார் என்று சிஞ்ஞோருக்குச் சொல்லியிருக்கிறார்களாம். அவர் இப்போது மகளோடுதான் இருக்கிறாராம். நம்பாமல் இதைக் களவாகக் கொடுத்துவிட்டாராம். தான் கொண்டுவந்தது தெரிந்தால் தன் வேலை போகும் என்று அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டா. அம்மா உடனே போங்கோ, போய்க் கதவைத் தட்டுங்கோ, காலிலை விழுங்கோ என்றா. அப்பா இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த மனுசியின்ரை வேலையும் போக வேண்டாம்," என்றார்.

ஆனியில் அக்காவின் பிறந்தநாள். திரையில் சித்தி கேக் வைத்திருந்தா. அக்கா புதுச்சட்டை போட்டிருந்தா. அப்பா கதிரையை ஒதுக்கிச் சுவரோரம் நின்றார். அக்கா அவரைக் கூப்பிட்டா.

"பரவாயில்லை அப்பா. நான் இஞ்சை பழகீட்டன்."

பிறகு மின்சாரம் போனது. அன்றைக்கு அம்மா திரும்ப எடுக்கவில்லை.

மடக்குக் கட்டிலை யாருக்கோ கொடுத்தோம். லாச்சியில் நான் பள்ளிக்கூடப் பொருட்களை வைத்தேன். அதுவும் கனகாலம் இல்லை. எட்டாம் வகுப்போடு நானும் அம்மாவோடு படி துடைக்கப் போனேன். அக்கா தையல் ஆலையில் சேர்ந்தா, அங்கேயே கலியாணம் செய்தா. இருபத்துமூன்று வயதில்தான் நான் அவவை நேரில் கண்டேன். வாசலில் நின்று, "பயணம் சுகமோ?" என்று கேட்டா. வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்களை எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

அதற்கு முதல், பதினேழு வயதில், பல்லரோப் பக்கத்துத் தமிழ்க் கடையில் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். வன்னியில் இருந்து புதிதாக வந்த ஒருவர் கடைக்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"காட்டுப் பண்டி குளத்தடியிலை வந்து நிண்டுது அண்ணை. வைச்சன் பாருங்கோ ஒரு வெடி. அவ்விடத்திலையே சரி."

வெங்காயத்தை வைத்துவிட்டு அந்த ஆளிடம் போனேன். வெடி வைச்சது என்றால் என்ன என்று கேட்டேன். அவர் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "இஞ்சை பிறந்த பிள்ளை போலை," என்றார். துவக்கை நீட்டிப் பிடிக்கிற மாதிரிக் கையால் காட்டினார்.

வீட்டுக்குப் போனேன். அப்பா உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து நானும் உரித்தேன். அம்மா அன்றைக்கும் ஏதோ பேச்சில் பகிடிக்கு விற்ற கதையை எடுத்தா. அப்பா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குச் சப்பாத்தோடு வாசலில் பார்த்த அதே பார்வை. வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் கேட்கவில்லை. கேட்டால் நான்தான் சொன்னனான் என்பார்.

அந்தப் பங்குனிப் பின்னேரம், அம்மா கத்திக்கொண்டிருக்கும்போது, அப்பா சப்பாத்தை வைத்துவிட்டு என்னைப் படியிறக்கிக் கூட்டிப் போனார். கீழே ஒழுங்கையில் குந்தியிருந்து என் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டார்.

"இனி நீ கதைக்க வர வேண்டாம் பிள்ளை. டொக்டரிட்டையும் வேண்டாம். நான் பாத்துக்கொள்ளுவன். நீ விளையாடு."

அதற்குப் பிறகு அவர் என்னை எங்கேயும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. தெரிந்த சொற்களோடு தனியாகப் போனார், தனியாக வந்தார். தான் பிழை விட்டதால் அப்பாவுக்கு என்னைக் கூப்பிட வெட்கம் என்று நினைத்தேன். அவருக்கு அது வேண்டும் என்றும் நினைத்தேன்.

எனக்குச் சந்தோஷம். ஒழுங்கையில் பெட்டையள் கயிறடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன். மேலே நாலாம் மாடியில் அம்மாவின் குரல் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படியேறினார். நான் இத்தாலியனில் எண்ணிக்கொண்டு துள்ளினேன். அன்றைக்கு ஒரு தரமும் பிழைக்கவில்லை.